நிலைவாயில் எழுத்தும் மரத்தூளும்

வீட்டு வாயிலில் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் ஜேர்மனியில் மிகப் பழையது. 2002-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குச் சென்றுவரும் அன்பர்கள், வெஸ்ட்பாலிய நாட்டுப்புறத்துப் பழைய பண்ணை வீடுகளைக் கண்டிருப்பர். மாடும் வண்டியும் நுழையத்தக்க பெரிய வாயில். அதன்மேல் கிடக்கும் ஓக் மர உத்தரத்தில், வீட்டைக் கட்டிய கணவன் மனைவி இருவரது பெயரும், கட்டிய ஆண்டும், இறைவனை வேண்டும் ஒரு வாசகமும் வெட்டப்பட்டிருக்கும். இத்தகைய வீடுகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டு, 1971-இல் திறக்கப்பட்ட டெற்மோல்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன.

அக்காலத் தச்சர் இரு முறைகளைக் கையாண்டனர். எழுத்தையே பள்ளமாகக் குடைவது ஒன்று. எழுத்தை விட்டுச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி, எழுத்தை மேடாக நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். பழைய கொதிக் எழுத்தின் முறிந்த கோடுகளும் கூரிய மூலைகளும் உளிக்கு இசைவானவை. நேர்விளிம்புள்ள கருவிக்கு நேர்கோடு எளிது, வளைவே கடினம்.

இவ்வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்றது ஹில்டெஸ்ஹைம் நகரில் 1529-இல் இறைச்சி வணிகர் சங்கத்தார் எழுப்பிய மரச்சட்ட மாளிகை. 1945 மார்ச் 22-ஆம் நாள் குண்டுவீச்சில் அது எரிந்து சாம்பலாயிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின், 1987 முதல் 1989 வரை, அந்நகர மக்கள் அதனை அதே இடத்தில் மீண்டும் எழுப்பினர். செதுக்கு வேலைகளும் மரத்தில் புதிதாக வெட்டப்பட்டன. முன்னோர் வாயிலில் வைத்த எழுத்தை இழக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை எனலாம்.

நம்மவர்க்கும் இவ்வுணர்வு புதிதன்று. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. தமிழ் எழுத்துக்கும் ஜேர்மன் கைவினைக்கும் தொடர்பு ஏற்பட்டும் முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் உருவாக்கப்பட்டு, 1713-இல் அங்கு போய்ச் சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஓர் எழுத்தை அறிவது வேறு, அதை ஒரு பொருளில் வெட்டுவது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

உளியின் இடத்துக்கு மின்சாரக் கருவி வந்தது சென்ற நூற்றாண்டில். ஆங்கிலத்தில் ‘ரூட்டர்’ என்றும் ஜேர்மன் மொழியில் ‘ஓபெர்ஃபிரேஸ’ என்றும் வழங்கும் குடைகருவி, முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கையடக்கமாகச் செய்யப்பட்டது. அதற்கு ஒரு குறை இருந்தது. சுழலும் அலகைப் பலகையின் நடுவில் நேராக இறக்குவது கடினம். எழுத்தோ பலகையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிவது. 1949-இல் ஜேர்மனியின் ‘எலு’ நிறுவனம் இரு தூண்களில் மேலும் கீழும் இயங்கும் கருவியை உருவாக்கி இக்குறையைத் தீர்த்தது. வீட்டுக் கீழறையில் பெயர்ப்பலகை செய்வது பலருக்கும் கைகூடியது இதன் பின்னரே.

கருவி மாறியதும் எழுத்தின் வசதியும் மாறிற்று. சுழலும் அலகுக்கு வளைவு எளிது, கூர்மூலை கடினம். கொதிக் எழுத்துக்கு இது இடையூறு. ஓலையில் எழுத்தாணியால் வளைந்து வளர்ந்த தமிழுக்கு இது துணை. ட, ப, ம போன்ற எழுத்துகளின் உள்மூலைகள் மட்டும் சற்று உருண்டு நிற்கும். அவற்றைச் சிறு உளியால் கூராக்கிக்கொள்ளலாம். கவனம் வேண்டியது ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகளில். சுழியின் உள்ளே எஞ்சும் சிறு மரத்துண்டு, நார் குறுகியதாகையால் எளிதில் பெயர்ந்துவிடும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக வரைந்து, அலகைச் சிறிது சிறிதாக இறக்குவதே இதற்கு மருந்து.

ஆனால் மாறியது எழுத்து மட்டுமன்று; மரத்தூளும் மாறிற்று. உளி உதிர்ப்பது தரையில் விழும் செதில். நிமிடத்துக்கு 20,000 முறைக்கு மேல் சுழலக்கூடிய அலகு, செதிலோடு காற்றில் மிதக்கும் நுண்தூளையும் எழுப்பும். அது மூக்கின் உட்புறத்தில் படியும். 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம்ப் நகரில், நாற்காலி, மேசை செய்யும் தொழிலாளரிடையே அரிய வகை மூக்குப் புற்றுநோய் வழமைக்கு மிஞ்சிக் காணப்படுவதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஜேர்மனியில் ஓக், பீச் மரங்களின் தூள் 1985-இல் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தப்பட்டது. அதனால் வரும் மூக்குப் புற்றுநோய் 1988-இல் தொழில்நோய்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 1995-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூள் முழுவதையுமே அவ்வாறு அறிவித்தது.

இந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் தூளில் உழைத்தவரையே தாக்கியது. அதுவும் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்பட்டது. ஆண்டுக்கு ஒரு பலகை செய்பவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. எனினும் சாளரமில்லாத கீழறையில், பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்வது தகாது. தூளுறிஞ்சியைக் கருவியோடு இணைத்தல், முகக்கவசம், கண்ணாடி, காதுக்காப்பு அணிதல், காய்ந்த தூளைக் கூட்டாமல் உறிஞ்சி எடுத்தல் ஆகியவை இன்றியமையாதன. மரவேலை செய்பவருக்கு ஒருபக்க மூக்கடைப்போ இரத்தக்கசிவோ நீடித்தால், தடிமன் என்று விட்டுவிடாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வெஸ்ட்பாலியக் குடியானவர் வாயிலில் பெயரோடு ஆண்டையும் வெட்டினர். அதனாலேயே அவர்கள் யார், எப்போது அங்கு வாழ்ந்தனர் என்பதை இன்றும் அறிய முடிகிறது. பெயர்ப்பலகை செய்யும் அன்பர்களும் வீட்டுப் பெயரோடு குடிபுகுந்த ஆண்டையும் தமிழிற் பொறித்தல் நன்று. பேரப்பிள்ளைகள் முதலிற் கூட்டி வாசிக்கும் தமிழ் அதுவாகவும் இருக்கலாம்.