சட்டைப்பைத் துப்பாக்கியின் கதை

1956ஆம் ஆண்டு மே மாதம் நாவலாசிரியர் இயன் ஃபிளெமிங்குக்கு கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி பூத்ராய்ட். துப்பாக்கிகளைப் பற்றி ஆழ்ந்த அறிவு உடையவர். ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் தமக்கு மிகவும் பிடித்திருக்கின்றன, ஆனால் பாண்டின் ஆயுத ரசனைதான் சகிக்கவில்லை என்பது கடிதத்தின் சாரம். அதுவரை பாண்ட் அக்குளில் தொங்கவிட்டுத் திரிந்தது .25 காலிபர் பெரெட்டா பிஸ்டல். அது பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, அதிலும் அவ்வளவு நல்ல பெண்மணிகள் அல்லர் என்று பூத்ராய்ட் கிண்டல் செய்திருந்தார். அவரது பரிந்துரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் .38 ரிவால்வர். சுத்தி உள்ளே மறைந்திருக்கும் வகை அது. கோட்டுக்குள்ளிருந்து உருவும்போது துணியில் மாட்டாது.

ஃபிளெமிங் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. பதில் எழுதினார், ஐயங்கள் கேட்டார். பாண்டுக்கு ரிவால்வர் பொருந்தாது, தானியங்கிப் பிஸ்டல்தான் வேண்டும் என்று அவர் நினைக்கவே, பேச்சு ஜெர்மானிய வால்த்தர் பி.பி.கே.யில் வந்து நின்றது. காலிபர் 7.65 மி.மீ. 1958இல் வெளிவந்த டாக்டர் நோ நாவலில் பெரெட்டா பறிக்கப்பட்டு வால்த்தர் தரப்படும் காட்சி இப்படிப் பிறந்ததுதான். ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளராக அதில் வருபவரின் பெயர் மேஜர் பூத்ராய்ட்! வாசகர் கடிதம் எழுதி நாவலுக்குள்ளேயே குடியேறியவர்கள் உலக இலக்கியத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. பி.பி.கே.க்கு ஃபிளெமிங் கொடுத்த தோலுறை மட்டும் ரிவால்வருக்கானது. உண்மையான பூத்ராய்ட் அதையும் குத்திக்காட்டினார் என்பார்கள் அறிந்தவர்கள். நம் எழுத்தாளர்களுக்கும் இப்படிச் சில வாசகர்கள் வாய்க்க வேண்டும்.

இந்தக் கடிதப் போக்குவரத்தை ஓர் இலக்கியத் துணுக்காக மட்டும் பார்க்கலாம். ஆனால் மறைத்துவைக்கத் தக்க சிறிய துப்பாக்கியின் வரலாறு முழுவதும் அந்த விவாதத்துக்குள் சுருங்கி இருக்கிறது என்பது என் எண்ணம். சிறியதாக இருந்தால் எடுத்துச்செல்லலாம், ஆனால் அதன் தோட்டா போதாது. தோட்டா போதுமானதாக இருந்தால் துப்பாக்கி சட்டைப்பைக்குள் அடங்காது. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதே இருநூறு ஆண்டு வழக்கு.

வழக்கின் முதல் பெரிய சாட்சி பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர். அவர் செய்த கைத்துப்பாக்கி உள்ளங்கையில் அடங்கும். குழல்விட்டம் மட்டும் பெரிது, .44 அங்குலம். 1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட ஜான் வில்க்ஸ் பூத் எடுத்துச்சென்றது இதைத்தான். ஒரே ஒரு குண்டு. அதைச் சுட்டதும் பூத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை உருவ வேண்டியிருந்தது. சிறியதும் வலியதுமாக ஓர் ஆயுதம் வேண்டுமென்றால் எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அன்றைய பேரம். பின்னர் ரெமிங்டன் நிறுவனம் இரண்டு குழல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விற்றது. 1866இல் தொடங்கி 1935 வரை அது விற்பனையில் இருந்தது. சூதாட்டக்காரர்களின் துப்பாக்கி என்று அதற்குப் பெயர்.

இந்தப் பேரத்தை மாற்றி எழுதியவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1855இல் அமெரிக்காவின் யூட்டாவில் பிறந்த துப்பாக்கிக் கொல்லர் மகன். அவரது பிஸ்டலைத் தயாரிக்க முன்வந்தது பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே இருந்த ஃபாப்ரிக் நாஷனால் தொழிற்சாலை. 1900ஆம் ஆண்டு மாடல் என்று அறியப்படும் அந்தப் பிஸ்டல் தட்டையானது. ஏழு தோட்டாக்கள், எடை அறுநூறு கிராமுக்குச் சற்று மேல். ரிவால்வரின் புடைத்த உருளை இதில் இல்லை. ஆகவே கோட்டுப்பையில் வைத்தால் வெளியே தெரியாது. பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்பது கைத்துப்பாக்கிக்கே பொதுப்பெயராகி விட்டது.

இங்கே பொறியியலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பிற்பாடு நடந்த அனைத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கிறது, அதே விசை வெற்றுறையைப் பின்னே தள்ளுகிறது. பெரிய பிஸ்டல்களில் அந்தக் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பிரௌனிங்கின் சிறிய பிஸ்டல்களில் பூட்டே கிடையாது. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே அந்த உதைப்பைத் தாங்குகின்றன. பாகங்கள் குறைவு, செலவு குறைவு, பருமன் குறைவு. ஆனால் தோட்டா வீரியமாக இருந்தால் இந்த அமைப்பு தாங்காது. தாங்கவைக்க வேண்டுமென்றால் ஸ்லைடைக் கனமாக்க வேண்டும், அப்புறம் சிறிய துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே பிரௌனிங் துப்பாக்கியோடு சேர்த்துத் தோட்டாவையும் வடிவமைத்தார். முதலில் 7.65 மி.மீ., அதாவது .32. அடுத்து அரைக்கைச் சட்டையின் பையில்கூட அடங்கும் குட்டிப் பிஸ்டலுக்காக .25. 1908இல் .380, ஐரோப்பியர் வழக்கில் 9 மி.மீ. குறுந்தோட்டா. குண்டின் ஆற்றலைத் தோராயமாகச் சொன்னால் .25க்கு 90 ஜூல், .32க்கு 170, .380க்கு 260. ராணுவங்கள் பயன்படுத்திய 9 மி.மீ. பாரபெல்லம் 450ஐத் தாண்டும். ஆக, மனிதன் தன் சட்டைப்பைக்கு ஏற்பத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய காலம் அது.

இந்தத் தட்டையான பிஸ்டல் அரசியலில் என்ன செய்தது என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. 1904 ஜூன் 16 அன்று ஹெல்சின்கியில் ரஷ்யத் தலைமை ஆளுநர் பாப்ரிக்காவ் சுடப்பட்டார். சுட்டவர் யூஜின் ஷௌமன், ஆயுதம் 1900ஆம் ஆண்டு பிரௌனிங். 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இத்தோ ஹிரோபுமியைக் கொரிய தேசியவாதி ஆன் ஜுங் கன் சுட்டார். அதே மாடல். 1909இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கள்ளத்தனமாக அனுப்பப்பட்ட இருபது பிஸ்டல்களும் பிரௌனிங்தான். அவற்றில் ஒன்று அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலே. வாஞ்சியைப் பற்றி நம்மிடையே எத்தனையோ வாதங்கள் நடந்துவிட்டன. அந்த ஆயுதம் ஹெல்சின்கிக்கும் ஹார்பினுக்கும் மணியாச்சிக்கும் உறவுமுறை ஏற்படுத்துகிறது என்பது மட்டும் பேச்சில் வருவதேயில்லை. ஆயுதச் சட்டம் 1878 முதலே அமலில் இருந்த நாட்டில், உரிமம் இல்லாத ஒருவன் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள வெப்லி ரிவால்வரை மடியில் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் உலவ முடியாது. பிரௌனிங்கால் முடிந்தது.

1914 ஜூன் 28, சரயேவோ. கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது 1900 மாடல் பிரௌனிங்கால் என்றும், 7.65 தோட்டாவால் என்றும் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இரண்டுமே பிழை. வியன்னாவில் சேசு சபையினர் பாதுகாத்து வைத்திருந்த பிஸ்டல் 2004இல் அங்குள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. அது 1910 மாடல். சுருள்வில்லைக் குழலைச் சுற்றியே பொருத்தி மேலும் ஒல்லியாக்கப்பட்ட வடிவம், காலிபர் 9 மி.மீ. குறுந்தோட்டா. 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் மார்பில் பாய்ந்ததும் அதே அளவுத் தோட்டாதான். துப்பாக்கி மட்டும் இத்தாலியின் பெரெட்டா 1934 மாடல். முதல் உலகப்போரைத் தொடங்கிவைத்ததும் காந்தியைக் கொன்றதும், நிபுணர்கள் அரைகுறை என்று உதடு பிதுக்கும் ஒரே தோட்டா என்பதை எண்ணும்போது காலிபர் விவாதங்களின் மீதே ஓர் அவநம்பிக்கை வருகிறது.

ஆனால் அந்த அவநம்பிக்கை சரியல்ல. கொல்வது வேறு, நிறுத்துவது வேறு. பாப்ரிக்காவ் மறுநாள் காலையில்தான் இறந்தார். 1901 செப்டம்பர் 6 அன்று கைக்குட்டைக்குள் மறைத்த .32 ரிவால்வரால் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் மெக்கின்லி எட்டு நாள் உயிரோடு இருந்தார். இரு குண்டுகளில் ஒன்று பொத்தானிலோ எதிலோ பட்டு விலகிவிட்டது. கொலைகாரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. இடத்தையும் நொடியையும் அவனே தேர்ந்தெடுக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், எதிரில் இருப்பவர் கையில் ஆயுதம் இல்லை. எட்டு நாள் கழித்து இறந்தாலும் அவன் காரியம் முடிந்ததே. தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நிலைமை நேர் எதிர். பாய்ந்து வருபவன் இந்த நொடியில் நிற்க வேண்டும், நாளை இறப்பதால் பயனில்லை. சட்டைப்பைத் துப்பாக்கி நூறாண்டுகளாகத் தற்காப்பின் பெயரால் விற்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் குணங்களோ தாக்குபவனுக்கே அதிகம் உகந்தவை என்பதை வரலாற்றை வாசிக்கும் எவரும் மறுக்க முடியாது.

பாண்டின் பி.பி.கே.க்கே இதில் ஒரு பரீட்சை நடந்தது. 1974 மார்ச் 20 இரவு லண்டனில் இளவரசி ஆனின் காரை மறித்து ஒருவன் அவரைக் கடத்த முயன்றான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் கீழே இறங்கியதும் தோளில் குண்டு பாய்ந்தது. அவர் தம் வால்த்தரால் ஒருமுறை சுட்டார். குறி தப்பியது. அடுத்த முறை பிஸ்டல் சிக்கிக்கொண்டது. அதற்குமேல் தம் உடலைத்தான் அவர் கேடயமாக்க வேண்டியிருந்தது. மொத்தம் மூன்று குண்டுகள் பட்டும் பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். அரசக் காவலர்களிடமிருந்து பி.பி.கே. திரும்பப் பெறப்பட்டது. இதை நினைக்கும்போது 1962இன் டாக்டர் நோ திரைப்படம் வேறு வேடிக்கையாகிவிடுகிறது. அதில் போதாதென்று பறிக்கப்படும் பெரெட்டா உண்மையில் .25 அல்ல, 1934 மாடல். அதாவது, மாற்றாகக் கொடுக்கப்படும் துப்பாக்கியைவிட வலிய தோட்டாவுடையது.

அமெரிக்காவில் இந்த வழக்கில் சட்டமும் ஒரு கட்சிக்காரர். நியூயார்க்கின் சல்லிவன் சட்டம், மணியாச்சிச் சம்பவம் நடந்த அதே 1911இல் மறைக்கத்தக்க துப்பாக்கிகளுக்கு உரிமம் கேட்டது. 1968இன் கூட்டாட்சிச் சட்டம் மிகச் சிறிய பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தது. பி.பி.கே.யின் உயரம் வரம்புக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால், அதன் மேற்பகுதியைப் பெரிய மாடலின் கீழ்ப்பகுதியோடு பொருத்தி பி.பி.கே.எஸ். என்று விற்றார்கள். 1994இன் சட்டமோ பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பத்தாண்டுகளுக்குத் தடைசெய்தது. பத்துதான் என்றால் துப்பாக்கி மட்டும் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது தொழில். 1995இல் குட்டிக் குளோக் வந்தது, காலிபர் முழுவீரியமுள்ள 9 மி.மீ. துப்பாக்கியைக் குறைக்க வந்த சட்டம் துப்பாக்கியின் உயரத்தைத்தான் குறைத்தது. 1987இல் ஃபுளோரிடா மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்தை எளிதாக்கிய பின் மாநிலம் மாநிலமாக அந்த வழி பரவியது, 2022இல் உச்சநீதிமன்றம் நியூயார்க்கின் பழைய கெடுபிடியையும் நீக்கியது. 2018இல் வந்த சிக் பி365, ஓர் அங்குலப் பருமனுக்குள் பத்து 9 மி.மீ. தோட்டாக்களை அடக்கியது. பிரௌனிங்கின் சிறிய தோட்டாக்களுக்கு இருந்த நியாயம் அத்துடன் பெரும்பாலும் போயிற்று.

இந்தியாவில் பிரௌனிங்கின் நிழல் வேறுவிதமாக நீடிக்கிறது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. இங்கே குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட காலிபர். ஆகவே உரிமம் பெற்றவருக்குத் தேர்வு என்பது பெரும்பாலும் .32தான். 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ஒரு ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலப்புலோகம், எடை 500 கிராம், காலிபர் .32. பெண்களுக்கானது என்று விளம்பரம். 2012 டிசம்பரில் டெல்லியில் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணுக்கு நாடு இட்ட பெயரை ஒட்டி அதற்கு நிர்பீக் என்று பெயர் வைத்தார்கள். விலை ரூ. 1,22,360. கைப்பைக்குள் எளிதில் அடங்கும் என்றார்கள். கைப்பைக்குள்ளிருந்து அதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரம் பேருந்திலோ தெருவிலோ ஒரு பெண்ணுக்குக் கிடைக்குமா என்று மகளிர் அமைப்புகள் கேட்டன. பூத்ராய்ட் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ அதுவே. துப்பாக்கி நகைப்பெட்டி போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்து விற்கப்பட்டது.