மைக்கூட்டு வீடுகள்

ஆற்றங்கரையில் பிறந்த நகரங்களையும் துறைமுகத்தை நம்பி வளர்ந்த நகரங்களையும் நாம் அறிவோம். சுவீடன் நாட்டின் வடகோடியிலுள்ள கிருனா இரும்பை நம்பிப் பிறந்த நகரம். மாரிகாலத்தில் சில கிழமைகள் சூரியனே எழாத அந்தப் பனிநிலத்துக்கு 1899இல் ரயில் வந்தது. மறு ஆண்டே நகரம் எழத் தொடங்கிற்று.

அதற்குத் தெற்கே, மால்ம்பெரியெட் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர் டைனமைட் பெட்டிப் பலகைகளால் குடிசை கட்டி வாழ்ந்தனர். கிருனாவில் அந்த நிலை வரக்கூடாது என்று எண்ணியவர் எல்.கே.ஏ.பி. சுரங்கக் கம்பனியின் முதல் கிருனா நிர்வாகியான யால்மார் லுந்துபூம். மண்ணியல் அறிஞர், கலைஞர்களின் நண்பர். நகரத் திட்டத்தை பேர் ஊலோஃப் ஹால்மன் வரைந்தார். பனிக்காற்று நேராக ஊடுருவாதபடி வீதிகள் மலைச்சரிவோடு வளைந்து சென்றன. கட்டடக் கலைஞர் குஸ்தாவ் விக்மன் தொழிலாளருக்கு மரவீடுகளை அமைத்தார். அவற்றின் உருவம் பழைய மைக்கூட்டை ஒத்திருந்தபடியால் மக்கள் 'மைக்கூடுகள்' என்றே அழைத்தனர். ஒரு வீட்டில் பெரும்பாலும் மூன்று குடும்பங்கள். போதாதென்று, தனியாட்களாக வந்த தொழிலாளரும் அக்குடும்பங்களோடு ஒட்டிக் குடியிருந்தனர். குசினி அடுப்பின் சூட்டில் எத்தனை பேரின் ஈர உடுப்புகள் காய்ந்திருக்கும்!

இது கருணையா, கணக்கா? இரண்டும்தான் என்பேன். நல்ல வீடு கிடைத்தவன் ஊரைவிட்டுப் போகமாட்டான். ஆனால் வேலை தருபவனே வீட்டுக்காரனாகவும் இருந்தால், வாய் திறக்குமுன் ஒருவன் கூரையையும் நினைக்க வேண்டியிருக்கும்.

அந்த நிலம் வெறும் நிலமுமல்ல. சாமி இன மக்கள் கலைமான் மேய்த்த நிலம். அவர்களுள் ஒருவரான யோஹான் தூரி சாமி மொழியில் தம் மக்களைப் பற்றி எழுதிய நூல் 1910இல் வெளிவரத் துணைநின்றவரும் இதே லுந்துபூம்தான். மேய்ச்சல் நிலத்தில் சுரங்கம் நடத்தியவரே மேய்ப்பரின் நூலுக்கும் புரவலரானார்! வரலாறு இப்படித்தான் சிலவேளை நம்மைக் குழப்பிவிடுகிறது.

நல்ல கூரை மனக்குறையை அடக்கிவிடவில்லை. எழுத்தாளர் சாரா லித்மன் சுரங்கத் தொழிலாளரின் வாய்மொழிகளைத் திரட்டி 1968இல் 'சுரங்கம்' என்ற நூலாக்கினார். 1969 டிசம்பரில், தொழிற்சங்கத் தலைமையின் அனுமதியின்றியே அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 57 நாட்கள் நீடித்தது.

இரும்புப் படிவமோ நகரத்தின் அடியை நோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. ஆழத்தில் தாது எடுக்க எடுக்க மேல்நிலம் வெடித்துத் தாழ்கிறது. நகரத்தைப் பெயர்க்க வேண்டும் என்று 2004இல் கம்பனி அறிவித்தது. சுமார் 6000 பேர் வீடு மாற வேண்டியவர்கள். லுந்துபூம் வாழ்ந்த வீடு 2017இல் தூக்கிச் செல்லப்பட்டது. மைக்கூடுகளிற் சிலவும் அவ்வாறே லுவோசவாரா மலையடிவாரத்துக்குச் சென்றன. பிற்காலத்தில் எழுந்த தொடர்மாடிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை, இடிக்கப்பட்டன. அங்கும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். ஆயினும் அழகான கூரைக்கே பாரம்பரியம் என்ற பட்டம் கிடைத்தது.

விக்மன் வடித்த 1912ஆம் ஆண்டு மரத் தேவாலயம், 672 தொன் எடையோடு, 2025 ஆகஸ்டில் இரண்டு நாட்களாக ஐந்து கிலோமீற்றர் உருண்டு சென்றது. வீதியின் இருமருங்கும் சனம் நின்று பார்த்தது. அடியில், தாது எடுக்கும் வேலை நின்றுவிடவில்லை.