அறிக்கைகளும் ஊரடங்கும்: 1971இல் கேகாலைத் தோட்டப்புறம்

1971ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் திகதி மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர்கள் இலங்கையின் பல பாகங்களிலும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். கிளர்ச்சி ஆழ வேரூன்றிய மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. அங்குச் சில பகுதிகள் வாரக்கணக்காகக் கிளர்ச்சிக்காரர் வசமிருந்தன. சிறில் ரணதுங்கவின் பொறுப்பில் இராணுவம் அம்மாவட்டத்தை மீட்டது.

வானொலியும் தணிக்கைக்குட்பட்ட பத்திரிகைகளும் நிலைமை அரசின் கட்டுப்பாட்டினுள் உள்ளது என்னும் தொனியிலேயே செய்தி வெளியிட்டன. அத்தொனியை ஐயுறுவதற்கு இரகசிய ஆவணம் எதுவும் வேண்டியதில்லை. அரசின் செயல்களே போதுமானவை. அந்நாள்களிலேயே இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் முதலாய நாடுகளிடமிருந்து படைத்துறை உதவி பெறப்பட்டது. அந்த மார்ச்சில் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை 1977 பெப்ருவரி வரை நீடித்தது. கட்டுப்பாட்டினுள் வந்துவிட்ட நாட்டுக்கு ஏறக்குறைய ஆறாண்டு அவசரகாலம் எதற்கு?

இறந்தோர் தொகை ஏறத்தாழ 1,200 என்றது அரசு. பிற மதிப்பீடுகள் 5,000க்கும் மேற்செல்கின்றன. பிரெஞ்சு வேளாண்மை அறிஞர் ரெனே துமோன், களனி கங்கையிற் பிணங்கள் மிதந்து சென்றதைக் கொழும்பிற் கண்டதாக எழுதினார். அவ்வாறு யட்டியாந்தோட்டை, ருவன்வல்லைத் தோட்டப்புறங்களைக் கடந்தே கொழும்பை அடைகின்றது. அவை எங்கிருந்து வந்தன என்று ஆறு சொல்லாது. எனினும் தொகையை மீளவும் எண்ணிப் பார்க்கத் தூண்டும் சாட்சியம் அது. கிளர்ச்சிக்காரரை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தோரை எண்ணுவது அதன் பணியன்று.

இவ்விரு தரப்பினருக்கும் இடையில் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் யாரை நம்புவது? முன்னணியின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அது அவ்விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டிற்று. அரசோ 1948இல் அவர்தம் குடியுரிமையைப் பறித்து, 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேரை நாடு கடத்த இணங்கியிருந்தது. செங்கொடிச் சங்கத்தைத் தோட்டங்களிற் கட்டிய நா. சண்முகதாசனும் 1971இல் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்.

ஆகவே அவர்களின் ஐயம் அரசியல் நூல்களில் விளைந்ததன்று. கேகாலை, பெரும்பாலும் றப்பர் விளையும் மாவட்டம். பால்வெட்டு விடியற்பொழுதில் தொடங்கவேண்டும். வெயில் ஏறினாற் பால் வற்றும். ஊரடங்கு நீளும் காலையில் வெட்டில்லை, வெட்டில்லையேற் பேர் இல்லை. ('பேர்' என்பது தோட்ட வழக்கில் ஒருநாட் சம்பளம்.) வானொலி வழமைநிலை திரும்பியதென்று எதைச் சொன்னாலும், பேர் விழுந்ததா என்பதே லயத்தின் அளவுகோலாயிருந்திருக்கும்.  தோட்டத்துச் செக்றோல் புத்தகங்கள் எஞ்சியுள்ள இடங்களில், 1971 ஏப்ரில், மே மாதப் பதிவுகளை ஊரடங்கு அறிவித்தல்களோடு ஒப்புநோக்கலாம்.

1972இன் காணிச் சீர்திருத்தம் இளைஞரின் குறைகளுக்கு மருந்தெனப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1973–74இல் தோட்டங்களைத் தாக்கிய பஞ்சத்தில் பசியாற் பலர் மாண்டனர்.

தாயகம் திரும்பியோர் எனப்பட்டோருட் சிலர் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு றப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1977இன் வன்செயலுக்குப்பின் வேறு சிலர் வவுனியா சென்றனர். 1971இற் பால்வெட்டிய இளைஞருக்கு இன்று எழுபது வயது கடந்திருக்கும். வாய்மொழிச் சான்று திரட்டுவோர் முதலிற் செல்லவேண்டியது அவ்விடங்களுக்கே.