வீரர் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

போர்க்களத்திலிருந்து வீடு திரும்பும் வீரர் என்னென்ன கொண்டுவருகிறார்? மார்பிலே பதக்கம் கொண்டுவருகிறார். உடலிலே தழும்பும் உள்ளத்திலே நினைவும் கொண்டுவருகிறார். ஆனால், இரவும் பகலும் தம் இடுப்பிலே தொங்கிய கைத்துப்பாக்கியை மட்டும் அவர் கொண்டுவருதல் இல்லை. அது அரசாங்கத்தின் உடைமை. அதனை ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்த பின்னரே அவர் விடைபெற முடியும்.

அதனாலேதான் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் ஓர் ஆசை எழுகின்றது. தந்தையோ பாட்டனாரோ அன்று ஏந்திய துப்பாக்கியைப் போன்ற ஒன்றை வாங்கி, பிறந்த நாளிலோ படைவீரர் நாளிலோ அவர் கையிலே கொடுக்க வேண்டும் என்பதே அவ்வாசை. எல்லாரும் செல்வர் அல்லரே! ஆகவே, ‘குறைந்த விலையில் எதைத் தேர்ந்தெடுப்பது?’ என்னும் கேள்வி பிறக்கின்றது. இதற்குக் கடைக்காரர் ஒரு விடை சொல்வார். வரலாறு மற்றொரு விடை சொல்லும். நாம் வரலாற்றின் விடையைக் கேட்போம்.

இத்தகைய பரிசுக்குப் பெரிதும் நாடப்படுவது ‘1911’ என்று ஆண்டின் பெயராலேயே வழங்கும் கைத்துப்பாக்கி. அது அமெரிக்காவில் உருவானது. ஆயினும் அதன் தேவை பிறந்த இடம் பிலிப்பைன்ஸ் தீவுகள். 1898இல் ஸ்பெயின் நாட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 2 கோடி டாலர் கொடுத்து அத்தீவுகளை அமெரிக்கா பெற்றது. அங்கு வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்துப் போரிட்டனர். தெற்கே மிண்டனாவோ, சூலு முதலிய தீவுகளில் வாழ்ந்த மோரோ மக்கள் 1913 வரையில் பணியவில்லை. வாளேந்திப் பாய்ந்துவந்த மோரோ வீரரை அமெரிக்கரின் ·38 அங்குலச் சுழல் துப்பாக்கி தடுத்து நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். அவர்கள் அஞ்சியது உண்மை. 1906இல் புட் தாஹோ என்னும் மலையின் மேலே பெண்டிரும் குழந்தைகளும் உட்படப் பல நூறு மோரோக்கள் அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

படையினரின் முறையீட்டை ஆராய 1904இல் தாம்சன், லாகார்ட் என்னும் இரண்டு அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் சிகாகோ நகரத்துக் கால்நடைக் கொட்டில்களிலே சோதனைகள் நடத்தி, குண்டின் விட்டம் ·45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று முடிவு கூறினர். அந்த அளவிலே ஒரு துப்பாக்கியை அமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்னும் ஊரிலே, துப்பாக்கி செய்யும் தொழிலாளியின் மகனாக 1855இல் பிறந்தவர் அவர். வெடியின் உதைப்பையே வேலைக்காரனாக்கிக்கொண்டது அவருடைய அறிவு. ஒரு குண்டு வெளியேறும் வேகத்தில் மேற்பகுதி பின்னே நகர்ந்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். மீண்டும் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றும். 1911 மார்ச்சு மாதம் நடந்த சோதனையில் அது 6,000 குண்டுகளைச் சுட்டது. ஒரு தடவையேனும் தடைப்படவில்லை. போட்டிக்கு வந்த துப்பாக்கியோ 37 தடவை தடுமாறியது. அம்மாதம் 29ஆம் நாள் பிரௌனிங்கின் துப்பாக்கியை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது.

முதல் உலகப் போரிலே அதனைப் புகழ்பெறச் செய்தவர் ஆல்வின் யார்க். டென்னசி மலைநாட்டைச் சேர்ந்த ஏழை உழவர், சமயப்பற்று மிக்கவர், கொலை பாவமாயிற்றே என்று போருக்குப் போகவே தயங்கியவர். 1918 அக்டோபர் 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஆர்கோன் காட்டிலே துப்பாக்கி முனையில் ஈட்டி பூட்டி ஓடிவந்த பகைவரை அவர் இக்கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். அன்று அவரும் அவருடைய தோழர் சிலரும் சிறைப்பிடித்துக் கொண்டுவந்தவர் 132 பேர்.

யார்க்குக்கு நாடு என்ன பரிசு கொடுத்தது என்பது நம் கேள்விக்கு நெருங்கிய செய்தி. நாஷ்வில் நகரத்து அன்பர்கள் நிதி திரட்டி அவருக்கு ஒரு பண்ணை வாங்கித் தர முன்வந்தனர். நோக்கம் உயர்ந்ததே, ஆனால் நிதி முழுதும் சேரவில்லை. தவணைக் கடன் பரிசு பெற்றவர் தலையிலே வந்து விழுந்தது. கடன் தீர்ந்து பண்ணை அவருக்கு உரிமையானது பின்னரே. அவர் உள்ளம் நாடியதோ வேறொன்று: தம் மலைநாட்டுச் சிறுவர்க்கு ஒரு பள்ளி. அதனை அவர் பெருமுயற்சி செய்து அமைத்தார். கொடுப்பவரின் உற்சாகம் மட்டும் நல்ல பரிசை உண்டாக்கிவிடாது. பெறுபவரின் தேவையை அறிந்து கொடுப்பதே பரிசு.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பழைய தொழிற்சாலைகள் மட்டும் போதவில்லை. தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டு நிறுவனமும், ரயில்வே கைகாட்டிக் கருவிகள் செய்த நிறுவனமும் இத்துப்பாக்கியைச் செய்தன. தையற்பொறிக்குப் பெயர்போன சிங்கர் நிறுவனம் 500 துப்பாக்கிகள் மட்டும் செய்தது. அவ்வருமையால் இன்று அவற்றின் விலை பெருஞ்செல்வர்க்கே எட்டும். 1945க்குப் பிறகு அரசாங்கம் புதியனவாகப் பெருந்தொகையில் வாங்கவில்லை. ஆகவே வியட்நாமிலே இருபது வயது இளைஞன் ஏந்திய துப்பாக்கி பெரும்பாலும் அவனைவிட மூத்தது! 1985இல் இத்தாலிய பெரெட்டா அதன் இடத்தைப் பெற்றது.

இனி, பரிசு வாங்கப் புகுவோர் முன்னே உள்ள வழிகள் எவை? படையில் வழங்கிய பழைய துப்பாக்கிகளைக் குடிமக்களுக்கு விற்கும் ஏற்பாடு 2018இல் தொடங்கியது. அப்போது தரத்துக்கு ஏற்ப விலை 850 முதல் 1,050 டாலர் வரை இருந்தது. இவ்விலை எட்டாதவர்க்கு ஏறக்குறைய அதில் பாதிக்கே கிடைப்பது, அதே அமைப்பில் புதிதாகச் செய்த துப்பாக்கி. அலங்காரம் ஏதும் இன்றி, சிறிய குறிகாட்டியோடு, அன்றைய வீரர் கண்ட தோற்றத்திலேயே அது இருக்கும். அத்தகையவற்றுள் பெயர்பெற்றது எங்கே செய்யப்படுகிறது தெரியுமா? பிலிப்பைன்ஸ் நாட்டிலே, மணிலாவை அடுத்த மரிகினா நகரிலே! எந்தத் தீவு மக்களை அடக்குவதற்காக அத்துப்பாக்கி வேண்டப்பட்டதோ, அந்த நாட்டுத் தொழிலாளரே இன்று அதனைச் செய்து அமெரிக்கப் பாட்டனார்களுக்கு அனுப்புகின்றனர். வரலாற்றின் சக்கரம் இவ்வாறும் சுழல்கின்றது.

சட்டமும் உண்டு. மெய்யான பரிசாகத் துப்பாக்கி வாங்குவதை அமெரிக்க நடுவண் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்ற ஒருவருக்காகத் தம் பெயரில் வாங்குவது குற்றம். உரிமம் பெற்ற வணிகர் வழியாகப் பெறுபவர் பெயரிலேயே பதிவு செய்து கொடுப்பதே நேர்மையான வழி.

ஆயினும் விலைக்கும் சட்டத்துக்கும் மேலான கேள்வி ஒன்று இருக்கின்றது. அந்நாட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு அக்கொடுமையின் கருவி துப்பாக்கியே. போர் முடிந்தும் உள்ளத்திலே போர் ஓயாதவர் பலர். ஆகவே கடைக்குப் புறப்படுமுன் மகனோ மகளோ அந்த முதியவரின் அருகே அமர்ந்து பேச வேண்டும். அவர் உறங்குகிறாரா? பழைய நினைவு அவரை மகிழ்விக்கிறதா, வருத்துகிறதா? மனம் தெளிந்தவர், அதனை விரும்புகிறவர் என்றால், துப்பாக்கியோடு பூட்டுள்ள இரும்புப் பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பது கடமை. ஐயம் சிறிதேனும் உண்டென்றால் சுடும் ஆற்றல் இல்லாத உருவமாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பேழையிலே, அவருடைய பதக்கங்களோடு வைத்துக் கொடுக்கலாம். அதன் விலை குறைவு, மதிப்புக் குறைவன்று.

மாணவர்களே! அன்று ஆயுதக் கிடங்கிலே வீரர் ஒப்படைத்தது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள இரும்பு. அவ்விரும்பை இன்று பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதனோடு அவர் கழித்த இரவுகளை வாங்க முடியாது, கேட்கத்தான் முடியும். ‘ஐயா, அன்று என்ன நடந்தது?’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு அமர்ந்திருப்பதே அவருக்கு நாம் முதலில் கொடுக்க வேண்டிய பரிசு. எதை வாங்குவது என்பதை அவர் சொல்லும் கதையே நமக்குக் காட்டிவிடும்.