ஓடமும் லயமும்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல், பண்டாரவளைக்கு 1894இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் ஊவா மலைகளின் விளைவில் ஒரு பகுதி மாட்டு வண்டிகளில் இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கை வழியே ஓடங்களில் களுத்துறையை அடைந்தது. தோட்டத்துரைமாரின் வரலாற்றை எழுதியோர் மூட்டைகளை எண்ணினர், செலவைக் கணக்கிட்டனர். ஓடத்திலே வாழ்ந்தவனைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை.

அந்த ஓடம் அடி தட்டையானது. மேலே வளைத்துக் கட்டிய கிடுகுக் கூரை. பயண நாட்களில் அதுவே அவன் வீடு. சரக்கு ஏறியபின் எஞ்சிய இடத்திலேதான் உறங்க வேண்டும். நீரோட்டத்தோடு இறங்குவது எளிது. கோலூன்றி எதிரேறுவதோ உடலை முறிக்கும் வேலை. கோலைக் கீழே வைத்துவிட்டாலும் பாடு தீர்வதில்லை. மரம் நீரில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும். இணைப்புகள் வாய் திறக்கும். நாரைத் திணித்து, குங்கிலியம் பூசிக் கலப்பற்று வேலை செய்தாக வேண்டும். கசிந்த நீரை நாள்தோறும் இறைக்க வேண்டும். கிடுகு மழைக்கு இற்றுப்போகும். முடைந்து மாற்றாவிட்டால் கோப்பி நனையும், அவன் பாயும் நனையும். இத்தனையும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத உழைப்பு.

இதே காலத்தில் இங்கிலாந்தின் கால்வாய்களில், ஏழடி அகலமே கொண்ட ஒடுங்கிய சரக்குப் படகுகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. பின்புறத்துச் சிற்றறைக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிள்ளைகள் எல்லாம். செங்கற்சூளைச் சிறுவர்களுக்காக முன்னரே குரல் கொடுத்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவரின் கிளர்ச்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கலாம் என்பதற்கு அது வரம்பு வகுத்தது. சட்டம் ஏட்டளவில் பெரிதும் நின்றதென்பது வேறு கதை.

கோப்பி புறப்பட்ட மலைக்கு மீள்வோம். அங்கும் ஒடுங்கிய வீடுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே இஸ்தோப்பு, பல லயங்களில் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது, காம்பரா மாறவில்லை. சாணமிட்டு மெழுகுவதும், புகையேறிய சுவரைத் துடைப்பதும், தகரத்தின் ஓட்டையை அடைப்பதும் குடியிருப்போர் வேலையே. அதிலும் பெரும்பங்கு, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வந்த பெண்களுடையது. ஓடக்காரன் தன் கிடுகைப் பிரித்துக் கட்ட எவரையும் கேட்க வேண்டியதில்லை. லயமோ தோட்டத்தின் சொத்து. ஒரு சாய்ப்பு இறக்கவும் துரையின் அனுமதி வேண்டும். வேலை போனால் கூரையும் போகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரை மாறினான், பெயர்ப்பலகை மாறியது. மெழுகியவளுக்குக் காம்பரா சொந்தமாகவில்லை.

கூரையின் ஓட்டையை அவள் அடைக்கலாம். கூரைக்கு மேலே நிற்கும் மலையை என்ன செய்வாள்? கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த லயங்கள் மண்சரிவு அபாயத்தில் உள்ளன என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து சென்று குடிசை போடுவதற்குச் சொந்த நிலம் அம்மக்களுக்கு இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்தது. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது, லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.