திருப்பூர் மெர்ச்சண்டைசிங் படிவங்கள்

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்கள், ஒரு வெளிநாட்டு பையரை ஏற்றுக்கொள்வதில் தொடங்கி, சரக்கைக் கப்பலேற்றிப் பணம் பெறும் வரை ஒவ்வோர் ஆர்டருக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வேலைத் தாள்கள். காஸ்டிங் ஷீட், சாம்பிள் பட்டியல், டி அண்ட் ஏ காலண்டர், புதிய பையருக்கான செக்லிஸ்ட், இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஒரு டிசைனுக்குரிய தாள்கள் எல்லாம் சேர்ந்தது ஸ்டைல் ஃபைல். அதற்குப் பொறுப்பானவர் மெர்ச்சண்டைசர். விலை பேசுவது, பையருக்குப் பதில் சொல்வது, உற்பத்தியைத் துரத்துவது ஆகிய மூன்று வேலைகளும் அவர் மேசையில்தான் சேர்கின்றன. திருப்பூரைப் பற்றிய பேச்சில் இயந்திரமும் முதலாளிகளின் உழைப்பும் தவறாமல் இடம்பெறும். இந்தத் தாள்கள் அரிதாகவே இடம்பெறும். ஊரின் ஏற்றுமதியைக் கட்டி நிறுத்தியதில் தையல் இயந்திரத்துக்கு நிகரான பங்கு இவற்றுக்கு உண்டு.

நொய்யல் ஆற்றின் கரையில் பருத்தி வணிகம் நடந்த ஊர் திருப்பூர். 1925-இல் குலாம் காதர் தொடங்கிய ஆலையோடு அங்கே பின்னல் தொழில் வேர்பிடித்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்கான பனியனே பிரதானம். ஆர்டர் எளிமையானது: பிராண்டின் பெயர், 75 முதல் 100 சென்டிமீட்டர் வரை அளவுகள், எத்தனை டஜன் என்ற கணக்கு. துணி பெரும்பாலும் வெள்ளை. அதற்கு ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு போதும். சரக்கு தாமதமானால் அடுத்த லாரியில் போகும்.

1978-இல் இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த ஓர் இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டி-ஷர்ட் வாங்கத் திருப்பூருக்கு வந்தார். 1981-இல் ஐரோப்பியச் சில்லறை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. வெள்ளைத் துணியின் இடத்தை நிறம், பிரிண்ட், எம்பிராய்டரி, காலர், பொத்தான் எல்லாம் பிடித்துக்கொண்டன. கோடைக்கான ஆடை கோடைக்கு முன்பே கடையில் தொங்க வேண்டும் என்பதால் கெடு தேதியும் கூடவே வந்தது. அதே காலத்தில் பல்லிழை ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. 1974 முதல் 2004 இறுதி வரை இந்த ஏற்பாடும் அதன் தொடர்ச்சியும் நீடித்தன. அதன்படி மேற்கு நாடுகளுக்கு இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்ற கோட்டா இருந்தது. 1978-இல் அமைந்த ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் அதைப் பங்கிட்டது. பங்கின் ஒரு பகுதி முந்தைய ஆண்டுகளின் ஏற்றுமதியைப் பொறுத்தது. எனவே எந்த ரகம், எத்தனை உருப்படி, எந்தத் தேதியில் போனது என்று எழுதி வைப்பது அடுத்த ஆண்டு வியாபாரத்துக்கே ஆதாரமாயிற்று.

ஆனால் படிவங்களின் பிறப்புக்கு ஆழமான காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. திருப்பூரில் நெடுங்காலமாக ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், டையிங் இன்னோரிடம். காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி தனித்தனி ஜாப் ஒர்க். தையலும் பல வேளைகளில் வெளியே. தொழிலாளர்களாகவும் சிறு விவசாயிகளாகவும் இருந்தவர்கள் பங்கு சேர்ந்து சிறு யூனிட்டுகளாகத் தொழிலை வளர்த்த கதையை ஷரத் சாரி 2004-இல் வெளியான ‘ஃப்ரடெர்னல் கேபிடல்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த ஏற்பாட்டில் எவரும் எவருக்கும் மேலாளர் இல்லை. டையிங்காரரிடம் பத்துக் கம்பெனியின் துணி காத்திருக்கும். ‘டையிங்ல இருந்து துணி எப்பங்ணா வரும்?’ என்று கேட்க மெர்ச்சண்டைசருக்கு அதிகாரம் கிடையாது; உறவும் நினைவூட்டலும்தான் உண்டு. பல கைகளில் கிடந்த வேலையை ஓர் ஒழுங்கில் கோத்தது தேதி எழுதிய தாள்தான்.

அந்தத் தாள் டி அண்ட் ஏ காலண்டர். ‘டைம் அண்ட் ஆக்‌ஷன்’, அதாவது நேரமும் செயலும் என்பதன் சுருக்கம். இதன் மூதாதை அமெரிக்காவில் 1957-இல் டூபாண்ட் நிறுவனத்துக்காக உருவான கிரிட்டிக்கல் பாத் முறை. பிரிட்டிஷ் ஆடை வணிகத்தில் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. கணக்கு பின்னோக்கி ஓடும். சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாளை அடியில் எழுதி, மேலே மேலே ஏறி வர வேண்டும்: பேக்கிங், இறுதி இன்ஸ்பெக்‌ஷன், தையல், கட்டிங், உற்பத்திக்கு முந்தைய (பி.பி.) மீட்டிங், துணி வந்துசேரும் நாள், டையிங், நிட்டிங், நூல் புக்கிங். பக்கவாட்டில் அப்ரூவல்கள் ஓடும். லேப் டிப் எனப்படும் நிற மாதிரியில் பையர் மூன்று நான்கு சாயலில் ஒன்றைத் தேர்வார். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் ஒவ்வொன்றுக்கும் கூரியர் நாள், பதில் வரும் நாள் உண்டு. பி.பி. சாம்பிள் பாஸ் ஆகாமல் கத்தரி துணியில் படக் கூடாது என்பது பொது விதி.

அச்சடித்த காலண்டரை உலகில் எங்கும் வாங்கலாம். திருப்பூர்க் காலண்டர் திருப்பூருக்கு உரியதானது உள்ளூர் அனுபவம் ஏறிய பிறகே. தீபாவளி, பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் லைன் முழுக் கூட்டத்தோடு மறுபடி ஓட ஒரு வாரத்துக்கு மேலாகும். அடர் நிறம் வெளிர் நிறத்தைவிட டையிங்கில் கூடுதல் நேரம் பிடிக்கும். இந்த நாள்களைச் சேர்க்காத காலண்டர் பையரை மகிழ்விக்கும். கடைசியில் சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்ற வைக்கும். லாபம் முழுவதும் அந்த ஒரு சரக்குக் கட்டணத்தில் போய்விடும். நல்ல காலண்டரில் திட்டமிட்ட தேதிக்குப் பக்கத்தில் உண்மையில் நடந்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் நிரம்பிய பழைய தாள்தான் அடுத்த ஆர்டருக்கு வார்ப்பாகும்.

காஸ்டிங் ஷீட்டில் கணக்கு எளிது, பிழைக்கும் இடம் அதிகம். ஒரு டி-ஷர்ட்டின் உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 20, மடிப்புக்கும் தையலுக்கும் 10. பாதி மார்பளவு 54, தையலுக்கு 4. துணி 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) எனில், 102-ஐ 58-ஆல் பெருக்கி, இரட்டித்து, 160-ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 189 கிராம் துணி வரும். அதற்கு மேல் கட்டிங் கழிவு, நிட்டிங், டையிங் இழப்பு, நூல் விலை, கூலி, லேபிள், அட்டைப்பெட்டி, துறைமுகம் வரையான செலவு, பிறகு லாபம். இழப்பு விழுக்காட்டை ஒவ்வொரு கம்பெனியும் தன் பழைய ஆர்டர்களிலிருந்தே எடுக்கிறது. காப்பியடித்த ஷீட்டில் சூத்திரம் சரியாக இருக்கும், அந்த விழுக்காடு அடுத்தவருடையதாக இருக்கும்.

புதிய பையரை ஏற்பதற்கான செக்லிஸ்ட் 1990-களிலிருந்து நீண்டுகொண்டே வந்தது. தொடக்கத்தில் கம்பெனி விவரம், வங்கி விவரம், பணம் தரும் முறை ஆகியவை போதுமாக இருந்தன. கடனுக்கு அனுப்பும் சரக்கு என்றால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தர 1957-இல் தொடங்கிய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் அந்த பையருக்குக் கடன் வரம்பு கேட்பது ஒரு வரி. பிறகு ரசாயனப் பாதுகாப்புக்கான ஓகோ-டெக்ஸ் சான்று 1992-இலும், தொழிலாளர் நிலைக்கான எஸ்.ஏ. 8000 1997-இலும் வந்தன. 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின் கட்டடம், தீ, வெளியேறும் வழி பற்றிய கேள்விகள் கடுமையாயின. இந்தக் கேள்விகள் அவசியமானவை; தொழிலாளர் உயிரோடு தொடர்புள்ளவை. ஆனால் ஒவ்வொரு பையரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத் தனித்தனிப் படிவத்தில் கேட்பதும், ஒரே கம்பெனி ஒரே ஆண்டில் பல தணிக்கைகளுக்கு உட்படுவதும் நியாயமல்ல. அந்தச் செலவைப் பெரிய நிறுவனம் தாங்கும். சிறு யூனிட் தாங்காது.

தரச் சோதனையில் மட்டும் பொது மொழி பெருமளவு அமைந்துவிட்டது. அமெரிக்க ராணுவக் கொள்முதலில் வளர்ந்து, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 ஆக உள்ள ஏ.கியூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) அட்டவணையே பெரும்பாலோரின் அளவுகோல். 2.5 என்ற மட்டத்தில், 3,201 முதல் 10,000 உருப்படி வரையுள்ள லாட்டிலிருந்து 200 உருப்படிகளை எடுப்பார்கள். பெருங்குறை 10 வரை இருந்தால் பாஸ். 11 ஆனால் லாட் முழுவதும் திரும்பும்.

1990-இல் ஏ. சக்திவேல் முன்னின்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. அதன் முயற்சியில் 1997-இல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி வந்தபின், மூத்தவரிடம் உட்கார்ந்து கற்ற மெர்ச்சண்டைசிங் வகுப்பறைப் பாடமும் ஆனது. 2005 ஜனவரி 1-இல் கோட்டா மறைந்தது. போட்டி விலையிலும் நாள்களிலும் இறங்கியது. 2011 ஜனவரியில், சாயக் கழிவால் நொய்யல் மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. துணி வெளியூர்களுக்குச் சாயமேற்றப் போனது. பழைய டையிங் நாள் கணக்கு ஒரே வாரத்தில் செல்லாததானது. ஆலைகள் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்போடு மறுபடி ஓடத் தொடங்கியபோது சாயக் கூலி கூடியிருந்தது. காஸ்டிங் ஷீட்டின் அந்த வரியும் மாறியது. நொய்யலும் அதன் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழிருந்த விவசாயிகளும் கொடுத்த விலை அதுவரை எந்த ஷீட்டிலும் ஏறியதில்லை.

தாள்கள் முதலில் எக்செலுக்கும், பிறகு இ.ஆர்.பி. மென்பொருளுக்கும் மாறின. அதே கொங்கு மண்ணில், கோயம்புத்தூரில் வேலைத்தளம் கொண்டு சரவணகுமார் 2011-இல் தொடங்கிய கோவை.கோ நிறுவனம், செயல்முறைகளையும் வழிகாட்டிகளையும் எழுதிப் பராமரிக்கும் டாக்குமென்ட்360 மென்பொருளை உலகச் சந்தையில் விற்கிறது. பனியன் ஊர் தன் தேவைக்குச் செய்துகொண்ட வேலை, பக்கத்து நகரில் தனிச் சரக்காகவே ஆகியிருக்கிறது.

2024-25-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இவ்வளவு வியாபாரத்துக்குப் பிறகும் பல கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால் அந்த பையரைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விடுகிறது. திட்டமிட்ட தேதிகள் கணினியில் இருக்கும், நடந்த தேதிகள் அவர் டைரியில் இருக்கும். நிறுவனங்கள் சரக்கு போன வாரத்திலேயே ஸ்டைல் ஃபைலைத் திறந்து அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும். சங்கங்கள் பையர்களோடு பேசி ஒரே பொதுத் தணிக்கைப் படிவத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.