ஊதியம் கருதா வானொலியாளர்

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கருநாடக எல்லையோரத்துத் தொழில் வட்டாரமாகவே இன்று நாம் அறிகிறோம். அவ்வோசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராய் இருந்த காலத்தில்தான், 1938 ஜூன் 16ஆம் நாள், அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. நிலையம் அரசினுடையது, ஆனால் சென்னையில் ஒலிபரப்புக்கு வித்திட்டவர்கள் ஊதியம் கருதாத ஆர்வலர்கள்.

1924 மே 16இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பும் தொடங்கிற்று. முதற் கருவியின் ஆற்றல் 40 வாட். பின்னர் வந்தது 200 வாட். பணமுடையால் 1927 அக்டோபரில் கழகம் ஓய்ந்தது. ஓய்ந்தபோது அதன் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938இல் அப்பணி அகில இந்திய வானொலியின் கைக்கு வந்தது. கொடுத்தவர் மறைந்த பின்னும் பயன் நிற்கும் அறத்தை நாம் ஸதக்கத்துல் ஜாரியா என்கிறோம். அக்கழகத்தாரின் கொடை நமக்கு அதனையே நினைவூட்டுகிறது.

இத்தகைய ஆர்வலரை உலகம் 'ஹாம்' என்றழைக்கிறது. 1999இல் மறைந்த ஜோர்டான் மன்னர் ஹுசைனும் அவர்களுள் ஒருவர். 'ஜே ஒய் 1' என்னும் அழைப்புக்குறியுடன், முன்பின் அறியாத எளியவரோடும் அவர் உரையாடினார்.

இவர்களின் கருவி எளியது. 20 மீட்டர் அலைவரிசைக்கு, அதன் அரைப்பங்காகிய ஏறத்தாழ 10 மீட்டர் செப்புக்கம்பியை உயரக் கட்டினால் ஏரியல் ஆகிவிடும். வானத்தின் போக்கை அறிவதே அரிய கலை. கதிரவன் ஒளியால் மின்னூட்டம் பெற்ற மேல்வளி மண்டலமே சிற்றலைகளை வளைத்துத் தொலைநாடுகளுக்கு அனுப்புகிறது. பகலில் 20 மீட்டரும் இரவில் 40 மீட்டரும் தொலைவு செல்ல ஏற்றவை. ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை சூரியப் புள்ளிகள் பெருகுங்காலத்தில் 10 மீட்டரிலும் உலகம் கேட்கும். ஹாம்கள் நடத்தும் போட்டிகளில், 24 அல்லது 48 மணி நேரத்திற்குள் இயன்றவரை மிகுதியான நிலையங்களுடன் தொடர்புகொள்ள வேண்டும். இரைச்சலுக்கிடையே மெல்லிய குரலைப் பிரித்தறியும் பயிற்சி இதனால் வாய்க்கிறது.

இது வீண்பொழுது என்பாருக்கு 2004 டிசம்பர் விடை தந்தது. பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் தொடர்புகொள்ளப் போர்ட் பிளேர் சென்றிருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்கிற்காக நிறுவிய நிலையம் அக்கணமே துயர்துடைப்பு நிலையமாயிற்று. தீவில் சிக்கியோரின் நலச்செய்தி அதன்வழியே தாயகத்தில் தவித்திருந்த உறவினரை எட்டியது.

இன்று கைபேசி இல்லாத வீடில்லை. ஆயினும் மின்சாரம் நின்று கோபுரங்கள் ஓய்ந்தால், ஒரு பாட்டரியும் ஒரு கம்பியும் உடைய ஹாமே பேச வல்லவர். ஓசூரின் ஆலைகளிலும் தொழிற்கூடங்களிலும் மின்னணுத் தொழில் பயிலும் நம் இளைஞருக்கு இக்கலை எட்டாததன்று. நடுவணரசின் தேர்வெழுதி உரிமம் பெறுதல் வேண்டும், அவ்வளவே. பிறர் துயரில் உதவும் கல்வியும் இபாதத்தின் ஒரு பகுதியே என்பதைப் பெற்றோர் தம் மக்களுக்கு உணர்த்துவாராக.